எங்கம்மை பிஎஃப் பாஸ்புக்குல பைசா ஏறியாச்சு, கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க, கூட நின்னதுல ஒரு ஆளையும் விட்டுரக்கூடாது பாருங்க.

எங்கம்மை கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவுல ஒரு பேரூராட்சியில தூய்மைப் பணியாளர், கான்ட்ராக்ட்ல. வெளுப்பான் காலத்துல நாலரைக்கு எந்திச்சு கட்டஞ்சாயா ஒண்ணு குடிச்சிட்டு தள்ளுவண்டிய எடுத்துட்டு போயிருவா, மீன் சந்தைதான் முதல் சோலி. 2016-ல இருந்து போறா. 2017 நவம்பர் 30 ஓகி புயல் அடிச்சு மரமும் கரண்டு கம்பமும் ரோட்டுல குறுக்கும் நெடுக்கும் கிடந்த அந்த வாரத்துலயும் ஒரு நாள் லீவு போடல. இதுக்குள்ள கான்ட்ராக்டர் மூணு பேர் மாறியாச்சு.

மாசாமாசம் சம்பளத்துல பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு)ன்னு பிடிச்சிட்டுத்தான் கையில குடுப்பாங்க. அம்மைக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனாலும் என்னோட எட்டாங்கிளாஸ் கணக்கு நோட்டு பின்பக்கத்துல ஒவ்வொரு மாசமும் எத்தன நாள் வேலை, கையில எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு பிடிச்சாங்கன்னு பென்சில்ல எழுதி வச்சிருந்தா. போன வருஷம் கையில உடைஞ்ச பாட்டில் குத்தி பெருவிரல்ல நாலு தையல், அப்போ இஎஸ்ஐ கார்டு பத்தி விசாரிக்கப் போனப்பத்தான் எனக்கு முதல்ல சந்தேகம் வந்துச்சு, பணம் கட்டவே இல்லையோன்னு.

முதல் நன்றி எங்க ஊர் கம்ப்யூட்டர் சென்டர் அக்காவுக்கு. அரசாங்கத்தோட உமங் ஆப்ல பிஎஃப் பாஸ்புக் பாக்கலாம்னு போனா ஓடிபி எங்களுக்கு வரவே இல்ல, அம்மையோட யுஏஎன்ல, அதாவது பிஎஃப் கணக்குல, வேற யாரோட மொபைல் நம்பரோ கிடக்கு. அத மாத்த ஆதார்ல மொபைல் நம்பர சேர்த்து, பேர்ல இருந்த ஸ்பெல்லிங் தப்பையும் திருத்தி, மூணு வாரம் அந்த அக்கா எங்களுக்காக உக்காந்தாங்க, ஒரு பைசா வாங்கல. கடைசியில பாஸ்புக் திறந்துச்சு. இப்ப இருக்க கான்ட்ராக்டர் வந்த பொறவு 26 மாசம், அதுல கட்டினது 9 மாசம். மத்த 17 மாசமும் அம்மை நோட்டுல பிடிச்ச கணக்கு இருக்கு, பாஸ்புக்குல ஒண்ணும் இல்ல.

இது வெறும் பைசா விஷயம் இல்ல, அதான் எனக்கு ஆறல. நம்ம சம்பளத்துல 12 சதவீதம் பிடிச்சா கான்ட்ராக்டரும் 12 சதவீதம் போடணும், அவங்க போடுறதுல 8.33 சதவீதம் பென்ஷனுக்கு போகும், 10 வருஷம் சர்வீஸ் இருந்தாத்தான் 58 வயசுக்கு அப்புறம் அந்த மாச பென்ஷன் வரும். அம்மைக்கு இப்போ 55. கட்டாம விட்ட ஒவ்வொரு மாசமும் அவ வயசான காலத்துல இருந்து எடுத்தது.

பேரூராட்சி ஆபீஸ்ல போய் கேட்டா கான்ட்ராக்டர கேளுங்கன்னாங்க, கான்ட்ராக்டர் ஆள் பில் வரலன்னான். இங்கதான் நம்ம ரிட்டயர்டு ஹெட்கிளார்க் சார் வந்தாங்க. கான்ட்ராக்டர் சம்பளம் குடுக்கலன்னா வேலை வாங்குற ஆபீஸ்தான் குடுக்கணும்னு 1970-லயே சட்டத்துல எழுதி வச்சாச்சு, பிஎஃப்புக்கும் அந்தப் பொறுப்பு உண்டு, பேரூராட்சி கைகழுவ முடியாதுன்னு சொல்லி, முட்டுவலியோட ராத்திரி பதினொண்ணு வரைக்கும் உக்காந்து மனு எழுதித் தந்தாங்க. சார், உங்க கையெழுத்து மணிமணியா இருந்துச்சு, கலெக்டர் ஆபீஸ்ல அதப் பாத்த ஒரு மேடம் யார் எழுதினதுன்னே கேட்டாங்க.

மனுவுல கையெழுத்து போட்ட மத்த 13 பேருக்கும் எப்படி நன்றி சொல்லன்னே தெரியல. நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லிருவாங்கன்னு எல்லாருக்கும் பயம் உண்டு, எனக்கே உண்டு. அதுலயும் புருஷன் இல்லாம ரெண்டு பிள்ளைகள வளக்குற அந்த சித்திதான் முதல்ல பேனாவ வாங்கினா. "எனக்கு பயமாத்தான் இருக்கு மக்ளே, ஆனா என் பைசா இல்லியா"ன்னு சொல்லிட்டு போட்டா.

திங்கக்கிழமை குறைதீர் நாளுக்கு எல்லாரையும் நாகர்கோவில் கூட்டிட்டு போன வேன் அண்ணன் டீசல் காசு மட்டும் வாங்கினாங்க. சாயாக்கடை அண்ணாச்சி எல்லாருக்கும் பழம்பொரி கட்டித் தந்தாவ. வார்டு மெம்பர் அக்கா கவுன்சில் கூட்டத்துல எழுந்து, பிஎஃப் கட்டின சலான் காட்டாம அடுத்த பில் பாஸ் பண்ணக்கூடாதுன்னு சொன்னாங்க, ரெண்டு தடவை உக்காரச் சொல்லியும் உக்காரல. பொறவு நாகர்கோவில் பிஎஃப் ஆபீஸ்ல பொறுமையா கணக்கு ஒத்துப்பாத்த சாருக்கும், அம்மை நோட்டையும் ஒரு ஆதாரமா எடுத்துக்கிட்டதுக்கும் நன்றி. போன வாரம் 17 மாசமும் ஏறிடுச்சு. அம்மை போன வாங்கி கண்ணுக்கிட்ட வச்சு ஒவ்வொரு வரியா விரல் வச்சு எண்ணினா, அந்த தையல் போட்ட விரல்.

நம்ம மாவட்டத்துல உள்ள எல்லா பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி பொறுப்புல இருக்கவங்க கிட்டயும் ஒரு வேண்டுகோள். எங்க மெம்பர் அக்கா சொன்னத டெண்டர்லயே எழுதிருங்க, சலான் வந்தாத்தான் பில். கலெக்டர் நிர்ணயிச்ச தினக்கூலி எவ்வளவுன்னு குப்பை வண்டி நிக்குற ஷெட்லயே போர்டு எழுதி வைங்க. கிளவுஸ், ரெயின்கோட், செருப்பு, மாஸ்க் எல்லாம் குடுக்க வைக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலயே எழுதி வச்சாச்சு, எங்கம்மைக்கு ஒரு வருஷத்துல கிடைச்சது ஒரு ஜோடி கிளவுஸ், அதும் ரெண்டாவது மாசம் கிழிஞ்சு போச்சு. பொம்பளைங்க ஒதுங்க ஒரு கக்கூஸ் கூட அந்த ஷெட்ல கிடையாது, ஒருபாடு தடவை கேட்டாச்சு. இது தான் இப்போ அடுத்த மனு.

சர்ச் ரோட்டுல இருக்க ஒரு மாமிக்கும் சொல்லணும். அவங்க வீட்டுல கண்ணாடி உடைஞ்சா பேப்பர்ல சுருட்டி, அட்டைப்பெட்டியில வச்சு, மேல "கண்ணாடி, பாத்து எடுங்க"ன்னு எழுதி தனியா வைப்பாங்க. அம்மை அத வீட்டுல வந்து சொல்லுவா மாமி, ஒவ்வொரு தடவையும்.

வேற ஊர்ல கான்ட்ராக்ட்ல வேலை பாக்குற அக்கா அண்ணன்மார் யாருக்காவது பாஸ்புக் பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி சாயாக்கடைக்கு வாங்க, நானும் கம்ப்யூட்டர் சென்டர் அக்காவும் இருப்போம். ஆதார் கார்டும், ஆதார்ல சேர்த்த நம்பர் உள்ள போனும் மறக்காம கொண்டு வாங்க, சம்பளச் சீட்டு இல்லன்னாலும் பரவால்ல, எங்கம்மை மாதிரி எழுதி வச்ச நோட்டு ஏதாச்சும் இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க.