சமாதானத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள், ஐயா

மதிப்பிற்குரிய குருவானவர் ஐயரவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நம் திருச்சபைச் சேகரத்தின் ஞாயிறு ஆராதனையை மூன்றாகப் பிரிக்கும் யோசனை அடுத்த கமிட்டியில் முடிவுக்கு வரவிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதிகாலையில் முதியோருக்குப் பாமாலையும் கீர்த்தனையுமாக ஓர் ஆராதனை, மாலையில் வாலிபருக்கு கிட்டாரும் டிரம்ஸுமாக ஆங்கிலத்தில் ஒன்று, எட்டரை மணி ஆராதனை நடக்கும் நேரத்திலேயே சிறுவருக்குப் பக்கத்து மண்டபத்தில் ஓய்வுநாள் பள்ளி என்று திட்டம் இருக்கிறதாம். வாலிபர்கள் ஒவ்வொருவராக வேறு சபைகளுக்குப் போவதைப் பார்த்த கவலையில்தான் இது பிறந்தது என்பதை அறிவேன். அந்தக் கவலை எனக்கும் உண்டு. நாற்பது ஆண்டுகள் பாடகர் குழுவில் நின்றவன் என்ற உரிமையில், முடிவெடுக்குமுன் சிலவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, எனக்கு எதிர்ப்புற வரிசையில் ஒரு பாட்டியம்மாவும் அவர்களுடைய பேரனும் உட்கார்ந்திருந்தார்கள். கீர்த்தனை தொடங்கியதும் திரையில் வரிகள் வந்தன. தமிழ்ப் பாட்டுதான், ஆனால் எழுத்து ஆங்கில எழுத்து. ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்காக வாலிபர் ஐக்கியத்தார் செய்த ஏற்பாடு அது. பாட்டியம்மா திரையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தம் பழைய பாட்டுப் புத்தகத்தை விரித்து, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே பாடினார்கள். பேரன் புத்தகத்தையும் பார்த்தான், திரையையும் பார்த்தான், இரண்டையும் விட்டுவிட்டான். பல்லவி மூன்றாம் முறை திரும்பியபோது அவன் வாய் அசைந்தது. சரணம் வந்ததும் நின்றுவிட்டது. பல்லவி வந்ததும் மறுபடியும் சத்தமாகவே பாடினான். எந்த எழுத்தும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

நம் முன்னோர் கீர்த்தனையை அமைத்த விதமே இதற்கு வசதியாக இருக்கிறது. முன்னே நிற்கிறவர் சரணத்தைச் சொல்ல, சபை பல்லவியைப் பிடித்துக்கொள்ளும்; வாசிக்கத் தெரியாத கூலிக்காரருக்கும் பால்குடி மறந்த பிள்ளைக்கும் அதில் இடமுண்டு. நான்கு அடிகளையும் எல்லாரும் சேர்ந்து வாசித்துப் பாடும்படி மொழிபெயர்க்கப்பட்ட பாமாலைகளில் இந்த வசதி குறைவு. இன்று நாம் கீர்த்தனையை ‘பெரியவர்கள் பாட்டு’ என்று ஒதுக்கி அதிகாலைக்குத் தள்ளுகிறோம். ஒரு பிள்ளை ஒரே ஞாயிற்றில் கற்றுக்கொள்ளக்கூடிய பாட்டை அந்தப் பிள்ளை தூங்கும் நேரத்தில் பாடப்போகிறோம்.

பழையது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. இன்று பழமை என்று நாம் பேணும் கீர்த்தனையே ஒரு காலத்தில் ஆலயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டதுதான். கீர்த்தனைகள் பல இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கர். அவர் காலத்தில் தஞ்சைக்குப் புதிதாக வந்த மிஷனெரிமார் ஆராதனையில் அவருடைய பாட்டுகளைத் தடுத்தார்கள், வேத மொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள், கலியாணத்திலும் அடக்கத்திலும் பூக்கள் கூடாது என்றார்கள் என்று 1820களில் அவர் எழுத்திலேயே முறையிட்டிருக்கிறார். பாட்டைப் பொறுத்தவரை காலம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் அதே முறையீட்டில், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் சாதி பாராமல் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்ததையும் ஒரு கொடுமையாகவே அவர் சேர்த்திருந்தார். அதில் மிஷனெரிமார் செய்ததே நியாயம். என் வயதுக்காரர்கள் ‘நம் பாரம்பரியம்’ என்று குரலை உயர்த்தும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

ஆண்டுக்கொரு முறை வரும் பிள்ளைகள் ஞாயிறு இருக்கிறதே என்று கமிட்டியில் யாராவது சொல்லக்கூடும். அன்றைக்குப் பிள்ளைகள் ஒரே நிற உடையில் ஆக்‌ஷன் பாட்டுப் பாடுகிறார்கள், பெற்றோர் பெஞ்சைவிட்டு எழுந்து செல்போனில் படம் எடுக்கிறார்கள், கைதட்டல் முடிந்ததும் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதை ஆராதனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு ஆராதனையின் உள்ளேயே ஒரு வேலை வேண்டும், அவர்கள் வராவிட்டால் அந்த வேலை நின்றுபோக வேண்டும்.

அப்படி ஒரு வேலை நம் ஆராதனை முறையிலேயே இருக்கிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தபின், 1950இல் உருவான திருவிருந்து முறையில் சமாதானத்தைக் கையிலிருந்து கைக்கு அளிக்கும் வழக்கத்தைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சுரியானி சபைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது அது. பீடத்தண்டை குருவானவர் தருவதைப் பெற்றுக்கொண்டவர் முதல் வரிசைக்குக் கொண்டுபோக, அங்கிருந்து ஒருவர் உள்ளங்கைகளுக்குள் ஒருவர் கைவைத்துப் பின்வரிசை வரை கடத்த வேண்டும். நம் சபையில் இப்போது அவரவர் இடத்தில் நின்று இடமும் வலமும் கும்பிட்டு முடித்துக்கொள்கிறோம். ஆண்கள் ஒரு புறம், பெண்கள் ஒரு புறம், பிள்ளைகள் முன்னால் பாயில், முழங்கால் மடக்க முடியாத முதியவர்கள் வாசலோரம் மின்விசிறிக்குக் கீழே என்று நாம் உட்காருவதால், எழுபது வயதுக் கை ஏழு வயதுக் கையைத் தொடுவது அபூர்வம். பீடத்தண்டை தாங்கள் தரும் சமாதானத்தைப் பாயில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி, நேரே கடைசிப் பெஞ்சுக்குக் கொண்டுபோகட்டும். அங்கிருந்து அது முன்னோக்கி வரட்டும்.

சத்தம் வரும், ஒழுங்கு கெடும் என்பார்கள். வரத்தான் செய்யும். வேதாகமத்தில் எஸ்றாவின் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தில், இடிந்துபோன எருசலேம் ஆலயத்துக்கு மறுபடியும் அஸ்திபாரம் போட்டபோது, முந்தின ஆலயத்தைக் கண்ணால் கண்ட முதியவர்கள் உரக்க அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள், எது அழுகை எது ஆரவாரம் என்று யாருக்கும் பிரித்தறிய முடியவில்லை. அவர்களை இரண்டு நேரத்தில் வரச்சொல்லியிருந்தால் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும்.

வாலிபர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டே. திரையில் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் மேலும் கீழுமாக வரட்டும். கீபோர்டில் சுருதியை ஒரு கட்டை இறக்கட்டும், ஏனெனில் இப்போதைய உயரத்தில் பாட்டியம்மாமார் இரண்டாம் சரணத்திலேயே நின்றுவிடுகிறார்கள். டிரம்ஸ் இருக்கட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. பிரசங்க நேரத்தில் மட்டும் சிறுவர்கள் மண்டபத்துக்குப் போய்த் திருவிருந்துக்குத் திரும்பி வரலாம். பிரசங்கம் நாற்பது நிமிடம் தாண்டினால் (தாங்கள் மன்னிக்க வேண்டும்) நாங்களே கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

மூன்று ஆராதனைத் திட்டத்தை மூன்று மாதம் தள்ளிவைத்து, முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனையில் மட்டும் இதைச் செய்துபார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பல்லவி சொல்லிக்கொடுக்கச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் வந்துவிடுவேன். ஆலயச் சாவியை உபதேசியாரிடம் வாங்கிக்கொள்கிறேன். பாய்களை விரிக்க இரண்டு வாலிபர்களை மட்டும் அனுப்பிவையுங்கள், எனக்குக் குனிய முடியவில்லை.

கர்த்தருக்குள் தங்கள் அன்புள்ள,
பழைய பாடகன் ஒருவன்