நெஞ்சில் கட்டிய சீழுக்கு டியூப் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த நியூமோனியா கட்டுரை தடுப்பூசியோடு முடிந்துவிட்டது. வாட்டில் உறவினர்களை அதிகம் குழப்புவது அதற்குப் பிறகு வரும் சிக்கல்: நுரையீரலைச் சுற்றி நீர் கட்டுவதும், அது சீழாவதும்.

பக்டீரியா நியூமோனியாவுடன் வைத்தியசாலையில் தங்குவோரில் ஐந்தில் இருவர் வரை இந்த நீர் சேரலாம். பெரும்பாலும் அன்டிபயோட்டிக் ஏறும்போதே வற்றிவிடும். கிருமி புகுந்துவிட்டாலோ சில நாட்களில் தடித்து, நார் நாராகத் தடுப்புகள் எழுந்து, அறை அறையாகப் பிரியும். இரண்டு மூன்று வாரம் கடந்தால் நுரையீரலின் மேல் தடித்த தோல் படிந்து அது விரியாமலே போகலாம். பிறகு அந்தத் தோலை உரித்தெடுக்கும் சத்திரசிகிச்சைதான். ஆகவே மருந்து தொடங்கி 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் காய்ச்சல் இறங்காவிட்டால், பார்மசியில் வேறு குளிசை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். எக்ஸ்ரேயும் நெஞ்சு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் வெறும் வெண்மையாகத் தெரிவதில் எது நீர், எது நுரையீரல் என்று பிரித்துக் காட்டுவது ஸ்கேன்தான். மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

ஊசியால் எடுத்த நீர் சீழாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அதை வடிக்க விலா இடுக்கால் நெஞ்சுக்குள் விடும் டியூப்தான். சீழாக இல்லாவிட்டாலும் அந்த நீரின் பீ.எச். (குறையக் குறைய அமிலம் கூடியது என்று காட்டும் அளவு) 7.2க்கோ, குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு 60 மில்லிகிராமுக்கோ கீழே இருந்தால் பொதுவாக டியூப் போடுவார்கள். எடுத்த நீரில் விறைப்பூசி மருந்து கொஞ்சம் கலந்தாலும் பீ.எச். பொய்யாகக் குறையும், சிரிஞ்சில் காற்று நின்றால் பொய்யாகக் கூடும்.

“டியூப் வேண்டாம், மருந்தைக் கூட்டுங்கோ” என்று கெஞ்சுபவர்கள் பலர். கட்டி நிற்கும் சீழுக்குள் இரத்த ஓட்டம் கிடையாது, மருந்து சரியாகப் போய்ச் சேராது. ஜென்டாமைசின் போன்ற அன்டிபயோட்டிக்குகள் சீழின் அமிலத்தில் சரியாக வேலை செய்வதில்லை. டியூப் போடுமுன் இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல், வோர்பரின் எடுப்பவரானால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

டியூப் வடியும் போத்தலில் குழாயின் நுனி சுமார் 2 செ.மீ. நீருக்குள் அமிழ்ந்திருக்கும். நோயாளியைக் கழிவறைக்குக் கூட்டிச் செல்லும்போது போத்தலை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிப்பவர்கள் உண்டு. நீர் நெஞ்சுக்குள் திரும்பி ஓடிவிடும். மூச்சோடு நீர்மட்டம் ஏறி இறங்குவது நின்றால் குழாய் மடிந்திருக்கிறதா பாருங்கள், தாதியிடம் சொல்லுங்கள். 12, 14 பிரெஞ்ச் (டியூபின் தடிப்பைக் குறிக்கும் அலகு) அளவு மெல்லிய டியூப் வலி குறைவு, ஆனால் இலகுவில் அடைக்கும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 20 முதல் 30 மில்லிலீற்றர் சலைன் விட்டுத் திறந்து வைப்பது தாதியின் வேலை. குமிழி வரும் டியூபை ஒருபோதும் கிளாம்ப் போடக் கூடாது: காற்று உள்ளே தேங்கி நுரையீரலை நெருக்கிவிடும். ஒரே தடவையில் 1.5 லீற்றருக்கு மேல் வடித்தால், சட்டென்று விரியும் நுரையீரலுக்குள் நீர் கோக்கலாம். வடியும்போது இருமலும் நெஞ்சிறுக்கமும் தொடங்கினால் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

அறை அறையாகப் பிரிந்து வடிய மறுத்தால், தடுப்புகளைக் கரைக்கும் டீ.பீ.ஏ. 10 மில்லிகிராமும் சீழை இளக்கும் டீ.என்.ஏஸ் 5 மில்லிகிராமும் நாளுக்கு இருமுறை, மூன்று நாட்கள் டியூப் வழியே செலுத்தும் முறை உண்டு. 2011இல் வெளியான ஆய்வு இதற்குப் பலன் காட்டியது. விலைதான் இடிக்கும். மலிவான ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கரைக்கும் மருந்தை மட்டும் கொடுத்த 2005 ஆய்வில் பலன் தெரியவில்லை.

நம் திருகோணமலை மாவட்டத்தில் இரண்டு நோய்களை மறக்கக் கூடாது. ஒன்று காசநோய்: லெவோபுளொக்சசினைக் கண்டபடி எடுத்தால் அது சில வாரம் ஒளிந்துகொள்ளும். மற்றது மெலியோய்டோசிஸ். மாரி மழையில் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் வயல்களில் சேற்றில் இறங்கும் நீரிழிவுக்காரருக்கு இந்த மண் கிருமி தொற்றலாம். வழக்கமான செஃப்ட்ரையாக்சோன் இதற்குப் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் வேண்டும். ஆய்வுகூடத்தில் இதை வெளியிலிருந்து கலந்த கிருமி என்று ஒதுக்கிவிடும் ஆபத்தும் உண்டு. எனவே “வயல் வேலை, சீனி வருத்தம்” என்ற இரண்டையும் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சீழ் கட்டியவருக்கு ஊசியும் குளிசையுமாக மருந்து பொதுவாக 2 முதல் 6 வாரம் ஓடும். மெலியோய்டோசிஸ் என்றால் மாதக்கணக்கில். காய்ச்சல் விட்டதும் நிறுத்துவது கூடாது. சுமார் ஆறு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அந்தத் திகதியைத் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.