விகிதம் வரும் முன்னே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. விடைத்தாள் கட்டுகள் மேசையை விட்டு இறங்கிய பிறகுதான் பதில் எழுத உட்கார முடிந்தது. கோபித்துக்கொள்ளாதே. ஓய்வு பெற்ற உனக்கு இதெல்லாம் இனிப் பழங்கதை. எனக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது. முதுகுவலி பரவாயில்லை.

பேத்தி ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், கணக்கில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அவளிடம் இதை எழுதிக் கொடு: 8 + 4 = □ + 5. கட்டத்தில் என்ன போடுகிறாள் என்று பார். ஒவ்வொரு வருடமும் ஆறாம் வகுப்பில் இதைக் கேட்கிறேன். 12 என்று எழுதுகிற பிள்ளைகள் இல்லாத வருடமே கிடையாது. சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்கிறார்கள். சமக்குறியை அவர்கள் தராசாகப் பார்ப்பதில்லை, ‘இதோ விடை வருகிறது’ என்கிற மணியோசையாகத்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கிற பிள்ளைக்கு ஏழாம் வகுப்புச் சமன்பாடு எப்படிப் புரியும்? அடுத்து, 0.45, 0.5 இரண்டில் எது பெரியது என்று கேள். 45 பெரிய எண்தானே என்று அவள் சொன்னால் திட்டாதே. பின்னம் இன்னும் உள்ளே போய் உட்காரவில்லை என்று மட்டும் தெரிந்துகொள்.

இந்த வருடம் நடந்ததைச் சொல்கிறேன். அறிவியல் ஆசிரியை ஒருநாள் ஓய்வறையில் புலம்பினார். அடர்த்தி என்றால் நிறையைக் கனஅளவால் வகுப்பது என்று ஏழாம் வகுப்பே ஒப்பிக்கிறதாம். ஆனால் ஒரு மரக்கட்டையைப் பாதியாக அறுத்துக் காட்டி இப்போது அடர்த்தி என்ன என்று கேட்டால், அதுவும் பாதியாகிவிடும் என்கிறார்களாம். “விகிதம் நடத்திவிட்டீர்களா சார்?” என்றார். என் பாடத்திட்டத்தில் அதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது! மூலையில் இருந்த சமூக அறிவியல்காரர் செய்தித்தாளை மடித்து வைத்தார். வரைபட அளவையை அவர் பள்ளி திறந்த இரண்டாவது வாரமே முடித்துவிட்டாராம். 1 : 50,000 என்றால் ஒரு சென்டிமீட்டர் அரைக் கிலோமீட்டர் என்று எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள். 1 : 25,000 வரைபடத்தில் அதே குளம் பெரிதாகத் தெரியுமா, சிறிதாகவா என்றால் மட்டும் “சிறிதாக” என்கிறார்களாம், 25 சின்ன எண் என்பதால்.

அன்று மாலை எங்கள் பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தோம். இத்தனை வருட வேலையில் இதுதான் முதல் முறை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடர்த்தி, வேகம், வரைபட அளவை, சதவீதம் எல்லாம் ஒரே சங்கதி: இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு யோசிப்பது. அதை நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல், மூன்று பெயரில், தலைகீழ் வரிசையில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். விகிதத்தை நான் முன்னால் இழுத்துக்கொண்டேன். சமான பின்னம் தெரிந்தால் அதற்குப் போதும். பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை, ஒப்பிக்கிறவர்கள் இப்போதும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் மரக்கட்டைக் கேள்விக்கு ஒரு பையன், “நிறை பாதியானால் கனஅளவும் பாதிதானே சார், அப்புறம் எப்படி மாறும்?” என்று என் கணக்கு வகுப்பில் எழுந்து கேட்டான்.

குறை எண்கள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன. நம் பழைய கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே தனம், ருணம் என்று சொத்தாகவும் கடனாகவும் விதி எழுதி வைத்துவிட்டார். கூட்டலுக்கு அந்தக் கதை அருமையாக உதவுகிறது. பெருக்கலுக்கு வந்ததும், கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து எப்படி வரும் என்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் கதையை விட்டுவிட்டு −2-ஐ 3, 2, 1, 0 என்று வரிசையாகப் பெருக்கச் சொல்கிறேன். −6, −4, −2, 0 என்று விடை இரண்டு இரண்டாக ஏறுகிறது. அடுத்து −1-ஆல் பெருக்கினால் என்ன என்று கேட்டால் அவர்களே 2 என்கிறார்கள்.

உன் மேலும் ஒரு வழக்கு இருக்கிறது, மொழி ஆசிரியரே. ‘என்னிடம் 12 பென்சில் இருக்கின்றன, இது உன்னிடம் இருப்பதைவிட 5 அதிகம், உன்னிடம் எத்தனை?’ பாதி வகுப்பு 17 என்கிறது. ‘அதிகம்’ கண்ணில் பட்டதும் கூட்டிவிடுகிறார்கள், ‘விட’ யாருக்கும் தெரிவதே இல்லை. கணக்கில் பிழை என்று நான் சிவப்பு மையால் சுழித்த எத்தனையோ விடைகள் வாசிப்பில் வந்த பிழைகள் என்று இப்போதுதான் சந்தேகப்படுகிறேன். உனக்குத்தான் நேரம் இருக்கிறதே. ‘விட’ வருகிற வாக்கியங்களாக ஒரு இருபது எழுதி அனுப்பு. எண்களை நான் போட்டுக்கொள்கிறேன்.

பேத்தி கட்டத்தில் என்ன போட்டாள் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்