வாங்கும் பிள்ளையின் முகத்தைப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் ஒரு தொழிலதிபரின் பேட்டியைப் போட்டிருந்தீர்கள். "நான் கொடுப்பது என் மனசு, கடமை என்று யாரும் என்னிடம் கேட்க முடியாது, நான் உழைத்துச் சேர்த்தது" என்று அதில் சொல்லியிருக்கிறார். பேட்டி எடுத்தவர் மறுகேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. போதாததற்கு அந்த வரியையே பெரிய எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் பத்திரிகையை நெடுங்காலமாக வாங்கி வாசிக்கிறவள் நான். மனம் ஆறாமல்தான் எழுதுகிறேன்.

அவர் உழைத்திருப்பார், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தனியாகவா உழைத்தார்? மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், எங்கள் படுவான்கரையில் பெரிய வயல்கள் வைத்திருந்த போடிமாரும் இப்படித்தான் சொல்வார்கள். வயலுக்குத் தண்ணீர் வந்தது உன்னிச்சை, நவகிரி குளங்களில் இருந்து. குளமும் வாய்க்காலும் பொதுப்பணத்தில் நடக்கின்றன, தண்ணீருக்கென்று போடியார் சதம் கட்டியதில்லை. சேற்றில் நின்றவர் போடியாருக்காக வயல் செய்த முல்லைக்காரர், களை பிடுங்கியது அவருடைய பெண்சாதியும் பிள்ளைகளும். போடியாரின் மகன் 1945இல் வந்த இலவசக் கல்வியில் படித்து, பல்கலைக்கழகமும் இலவசமாகவே முடித்து, டொக்டராகி இன்று வெளிநாட்டில் இருக்கிறார். முல்லைக்காரரின் மகன் வேளாண்மை வெட்டும் காலம் வந்தால் பள்ளிக்கு வரமாட்டான், எட்டாம் வகுப்போடு நின்றும் விட்டான். இரண்டு பேருக்கும் படிப்பித்தவள் நான், இடாப்பில் பெயர் வெட்டியவளும் நான்தான். முல்லைக்காரரின் மகனுக்கும் அந்தச் செல்வத்தில் பங்குண்டு என்று சொன்னால் அதைப் பொறாமை என்பீர்களா?

அயலூர் முஸ்லிம் மக்களிடம், வசதியுள்ளவர் கட்டாயம் கொடுக்க வேண்டிய ஸகாத் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு வருடம் கையில் தங்கிய செல்வத்துக்கு நூற்றுக்கு 2.5. வேளாண்மை என்றால் மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைந்ததற்கு இருபதில் ஒன்று. பாடுபட்டவனுக்குக் குறைவு, மழை சும்மா கொடுத்ததற்கு அதிகம். எவ்வளவு நியாயமான கணக்கு! அங்கேயும் ஒழுங்காகக் கொடுக்காதவர்கள் இருப்பார்கள்தான், ஆனால் 'என் மனசு' என்று பேட்டி கொடுக்க முடியாது. நமக்கு மட்டும் கோயில் உபயத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

'வரி கட்டுகிறேன்' என்றும் சொல்லியிருக்கிறார். 2019 முடிவில் வரிகளை வெட்டி, வருடம் 30 இலட்சம் வரை வருமான வரியே இல்லை என்று ஆக்கியபோது யாருக்கு இலாபம் வந்தது? 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது. அதற்குப் பிறகு, பொருள் வாங்கும் எல்லோரும் கட்டும் வற் (VAT) வரியை ஏற்றி ஏற்றி 2024 ஜனவரியில் 18 வீதம் ஆக்கிவிட்டார்கள். இங்கே கூலிக்குப் போகும் விதவைப் பெண்ணும் சவர்க்காரம் வாங்கும்போது அதே 18 வீதத்தைத்தான் கட்டுகிறாள்.

சரி, தானம் கிடக்கட்டும், கூலியைப் பார்ப்போம். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் டவுனில் கடைகளில் நிற்கிறார்கள், காலையில் போய் கடைசி பஸ்ஸில்தான் வருகிறார்கள். வேலையை விட்டு ஓயும்போது கைக்கு வரும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு பிள்ளை அதைக் கேட்டதற்கு 'நாளையிலிருந்து வராதே' என்று சொல்லிவிட்டார்கள். அதே முதலாளி சித்திரை வருடப்பிறப்புக்கு உலர் உணவுப் பொதி கொடுத்தார், நீங்களும் படத்தோடு போட்டீர்கள். அன்று அந்தப் பிள்ளையின் தாய் என் வீட்டுக்கு வந்து அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் நாவலடியையும் திருச்செந்தூரையும் கல்லடியையும் வாரிக்கொண்டு போனபோது எங்கள் பக்கத்துச் சனம் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வாவியைக் கடந்தது. மண்முனையில் அப்போது பாலம் இல்லை, அது 2014இல்தான் வந்தது, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் போக வேண்டும். நாளைக்கு அரிசி இருக்குமோ தெரியாத வீடுகளும் ஒரு கொத்துப் போட்டன. போடாமல் இருக்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை, யார் போட்டது என்று எழுதி வைக்கவுமில்லை. அந்த ஊரில் இருந்துகொண்டுதான் இந்தப் பேட்டியை வாசிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்தப் படங்கள். ஒரு புத்தகப்பையை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு சின்னப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. பின்னால் பதாகையில் கொடுத்தவரின் முகம். நான் படிப்பித்த ஒரு பள்ளியில் அப்படிப் படம் வந்த பிள்ளையை வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அந்தப் பையைச் சொல்லியே கூப்பிட்டார்கள். அவள் பையை வீட்டில் வைத்துவிட்டு, கொப்பிகளைச் சீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். வாங்கும் பிள்ளைக்கும் மானம் இருக்கிறது ஐயா. அதற்குச் சேர வேண்டியதைத்தான் கொடுக்கிறோம் என்ற எண்ணம் கொடுப்பவரிடம் இருந்தால் அந்தப் பதாகையே வந்திருக்காது.

இவ்வளவும் எழுதிவிட்டு நான் கேட்பது சின்ன விஷயம். உதவி வழங்கும் செய்திகளில் வாங்குகிறவர்களின் முகத்தை, முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளின் முகத்தைப் போடாதீர்கள். கொடுத்தவரின் பெயரை வேண்டுமானால் ஒரு வரியில் போடுங்கள். அடுத்த முறை இப்படியான ஒருவரிடம் பேட்டி எடுக்கப் போகிறவரிடம், அவருடைய கடையில் எத்தனை பேருக்குச் சேமலாப நிதி கட்டுகிறார் என்று ஒரு கேள்வி கேட்டுவரச் சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம், அந்தப் பிள்ளைகள் யாரென்று ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
படுவான்கரை, மட்டக்களப்பு