சம்பா அறுவடையும் பிள்ளைகளின் தும்மலும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளை உடனிருந்து வளர்த்துவரும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

தை பிறந்ததிலிருந்து நம்மைச் சுற்றிலும் சம்பா அறுவடை. வயலில் அறுவடை இயந்திரம், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் தூசி, சாலையோரமெல்லாம் வைக்கோல் கட்டு. வகுப்புகளில் தும்மலும் கண்ணைக் கசக்குவதும் கூடிவிட்டன. விடுப்புக் கடிதங்களில் ‘அலர்ஜி’ என்றே எழுதி வருகிறது. அவற்றில் உண்மையான ஒவ்வாமையும் இருக்கிறது, வெறும் சளியும் இருக்கிறது, படர்தாமரையும் இருக்கிறது. எது என்று தெரியாமலே மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம், முட்டையையும் மீனையும் நிறுத்துகிறோம். இன்னொரு பக்கம், இறால் உண்மையாகவே ஆகாத பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு வரிகூடத் தெரிவதில்லை. இரண்டுமே பிள்ளைக்குக் கெடுதல்.

ஒவ்வாமை தொற்று நோய் அல்ல. பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு ஒட்டாது. மற்றவர்களுக்கு ஒரு தீங்கும் செய்யாத பொருளை ஒருசிலர் உடம்பு மட்டும் எதிரியாக எடுத்துக்கொண்டு, அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே பொருள் உள்ளே போகும்போது ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள் வெளிப்படுகின்றன. மூக்கில் நீர், தோலில் தடிப்பு, மூச்சில் இழுப்பு என்று நாம் பார்ப்பதெல்லாம் அதனால்தான். “போன வருஷம் சாப்பிட்டானே, அப்போது ஒன்றும் ஆகவில்லையே” என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

சளிக்கும் இதற்கும் வித்தியாசம் வீட்டிலேயே ஓரளவு தெரியும். சளி என்றால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் வடியும். காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்து வரலாம். ஒவ்வாமையில் காய்ச்சல் இருக்காது. மூக்கும் கண்ணும் அரிக்கும், காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல் வரும், வாரக்கணக்கில் நீளும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்குத் தண்டின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தால் மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்.

நெல் தூசி மட்டும் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிய சுவர்களில் பூஞ்சை இன்னும் இருக்கிறது. பழைய இலவம்பஞ்சுத் தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் வாழ்கின்றன. தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். இழுப்பு உள்ள பிள்ளை தூங்கும் அறையில் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம், கொசுவலை போதும். அறுவடை முடியும் வரை அந்தப் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பாதீர்கள். வயலில் வைக்கோலைக் கொளுத்தும் வழக்கத்தையும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் புகை நேராக வகுப்பறைக்குள் வருகிறது.

வீசிங் உள்ள பிள்ளைகளின் வீட்டாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்ஹேலர் வைத்தால் பழகிவிடும், அப்புறம் விடவே முடியாது என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. அது சரியல்ல. இன்ஹேலர் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. விழுங்கும் மருந்தைவிட உடம்பின் மற்ற பாகங்களுக்குப் போவது மிகக் குறைவு. தினமும் எடுக்கச் சொன்னதை, மூச்சு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடுவதால்தான் நடு இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறது. உடனடி நிவாரணத்துக்குத் தந்த இன்ஹேலர் புத்தகப்பையில் எப்போதும் இருக்கட்டும். யார் கேலி செய்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவோடு பிள்ளை தாராளமாக ஓடலாம், கபடி ஆடலாம். விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார வைக்க வேண்டியதில்லை.

அடுத்து, உணவு. உண்மையான உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். முட்டை, பால், வேர்க்கடலை, முந்திரி, மீன், இறால், நண்டு ஆகியவைதான் அடிக்கடி காரணமாகின்றன. பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு மட்டும் ஆவது பெரும்பாலும் பால் சர்க்கரை செரிக்காததால். அது வேறு சங்கதி. கெட்டுப்போகத் தொடங்கிய சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டமின் தானாகவே சேர்ந்துவிடும், கொதிக்க வைத்தாலும் போகாது. ஒரே குழம்பைச் சாப்பிட்ட பலருக்கும் முகம் சிவந்து தடித்தால் மீனைத்தான் சந்தேகிக்க வேண்டும், பிள்ளையின் உடம்பை அல்ல.

அதனால் பரிசோதனைக்கு ஓடுவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டான், எங்கே போனான், எவ்வளவு நேரம் கழித்து என்ன ஆனது. மருத்துவருக்கு முதலில் வேண்டியது அதுதான். தேவைப்பட்டால் முன்கையில், சந்தேகப்படும் பொருளின் சாறு ஒரு சொட்டு வைத்து லேசாகக் குத்திப் பார்ப்பார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் கொசுக்கடி மாதிரி தடிப்பு வருகிறதா என்று தெரியும். அலர்ஜி மாத்திரை சாப்பிட்டிருந்தால் இந்தச் சோதனை பொய்த்துவிடும் என்பதால், எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஐஜிஇ அளவைப் பார்க்கும் வழியும் உண்டு. ஆனால் சோதனையில் ‘உண்டு’ என்று வந்தால் மட்டும் ஒவ்வாமை உறுதி ஆகிவிடாது. சாப்பிட்டுப் பிரச்சினையே வராத பிள்ளைக்கும் அப்படி வரும். நீளமான பட்டியல் சோதனைக்குப் பணம் கட்டி, வந்ததையெல்லாம் நிறுத்தினால் வளர்கிற பிள்ளை மெலிந்துதான் போகும். பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வயது ஏற ஏறப் போய்விடுகிறது. எப்போதோ நிறுத்தியதை மருத்துவர் துணையோடு மறுபடி பாருங்கள்.

தோலில் வட்டமாகப் படர்ந்து ஓரம் தடித்திருப்பது பெரும்பாலும் படர்தாமரை. அதற்குக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் அடக்குவது போலத் தோன்றி, பிறகு மோசமாக்கும். எது கடித்தது என்று தெரியாத காணாக்கடி என்று மந்திரிக்கப் போவதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ ஆஸ்பத்திரிதான் முதலில்.

இதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். உணவுக்கோ, ஊசிக்கோ, கதண்டு (பெரிய குளவி) கொட்டியதற்கோ பிறகு தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் கம்முதல், தொடர் வாந்தி, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தால் அது உயிருக்கு ஆபத்து. உடனே 108. அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அந்த ஆபத்தைத் தடுக்காது. வண்டி வரும் வரை பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். சரியாகிவிட்டது போலிருந்தாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம், எனவே மருத்துவர் சொல்லும் வரை ஆஸ்பத்திரியிலேயே இருங்கள். பனைமரத்தில் கதண்டுக் கூடு தெரிந்தால் கல்லெறியாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு: பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். தேர்வு நெருங்குகிறது. தூக்கம் குறைவாகத் தரும் மருந்து உண்டா என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.

பள்ளியில் வகுப்பறைகளை இனி மாலையில், பிள்ளைகள் போனபிறகு, தண்ணீர் தெளித்துப் பெருக்குவோம். சத்துணவில் முட்டை ஆகாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவோம். ஆனால் யாருக்கு என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். இத்துடன் உள்ள தாளில் எது ஆகாது, என்ன ஆனது, மருத்துவர் உறுதி செய்தாரா, என்ன மருந்து, அவசரத்துக்கு எந்த எண் என்று எழுதி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். சந்தேகம் மட்டும் என்றால் சந்தேகம் என்றே எழுதுங்கள். எழுதச் சிரமமாக இருப்பவர்கள் மாலை நான்கரை மணிக்கு மேல் நேரில் வாருங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்