பழைய மேசை விளக்குகளை இரும்பு விலைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனால், கை மடக்கி நீட்டும் மேசை விளக்குகள் சில நேரம் கண்ணில் படும். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த ஊர் இது, பழைய கந்தோர் சாமான் கிடைப்பதில் வியப்பில்லை. ஆனால் அவை கிலோ கணக்கில் உருக்கப் போவதுதான் மனதை வதைக்கிறது.

இந்த வடிவத்தைக் கண்டுபிடித்தவர் ஜோர்ஜ் கார்வடைன், இங்கிலாந்தில் கார் சஸ்பென்ஷன் வேலை செய்த பொறியியலாளர். 1932இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ரெடிச் நகரில் ஸ்பிரிங் செய்துவந்த ஹெர்பர்ட் டெரி நிறுவனம் அதை 'அங்கிள்பொய்ஸ்' என்ற பெயரில் விற்றது, வீட்டு மேசைக்கான 1227 மாதிரி 1935இல் வந்தது. எந்தத் திருகையும் இறுக்காமல், ஒரு விரலால் தள்ளினாலே விளக்கு போய் அந்த இடத்தில் நிற்கும், ஏனென்றால் அடியில் உள்ள ஸ்பிரிங்குகளின் இழுவை, கையும் தலையும் கீழே இழுக்கும் பாரத்தை எந்த நிலையிலும் சமப்படுத்திவிடுகிறது. எவ்வளவு அழகான யோசனை!

திருத்துபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றும்போது அதே இழுவை உள்ளதைப் போடுங்கள், இல்லாவிட்டால் கை தொங்கிவிடும். துணி சுற்றிய பழைய வயரை வைத்திருக்கவே வேண்டாம். உடம்பு முழுக்க உலோகம், எனவே எர்த் உள்ள மூன்று கம்பி வயர் கட்டாயம். பெயின்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை, அப்படியே விடுங்கள்.

நமது கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்தில் இவற்றுக்கும் ஒரு மூலை ஒதுக்கலாமே. பொறுப்பானவர்கள் தயவுசெய்து யோசியுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருகோணமலை