தவளை நீச்சலில் கை எதுவரை?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பிள்ளைகள் பலரும் விவசாயக் கிணற்றில்தான் நீச்சல் பழகுகிறார்கள். துணிச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் பள்ளிப் போட்டியில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், அதாவது தவளை நீச்சல் அடிக்கும்போது கை வீச்சுதான் காலை வாருகிறது. உடற்கல்வி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

கிணற்றில் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தால் போதும். தலையைத் தூக்கியபடி கையை அகல விரித்து இடுப்புவரை இழுத்துவிடுவார்கள். நாலு வீச்சில் எதிர்ச்சுவர் வந்துவிடுவதால் நஷ்டம் தெரியாது. 50 மீட்டரில் தெரியும். இடுப்புக்குப் போன கை, தண்ணீரை எதிர்த்து அவ்வளவு தூரமும் முன்னே வந்தாக வேண்டும். அதற்குள் கால் உதைத்து முடித்துவிடும். உதையில் கிடைத்த வேகம் பாதி வழியில் நிற்கும் கைகளிலேயே மோதி வீணாகும். போதாக்குறைக்கு, தொடக்கத்திலும், சுவரைத் தொட்டுத் திரும்பும் ஒவ்வொரு டர்னிலும் வரும் முதல் வீச்சைத் தவிர, கை இடுப்புக் கோட்டைத் தாண்டினால் தகுதி நீக்கம்.

சரியான வீச்சு சின்னது. நீட்டிய கைகளில் உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி, தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக விரிக்க வேண்டும். அங்கே முழங்கை நீர்மட்டத்தை ஒட்டியே நிற்க, முன்கை மட்டும் மடங்கி விரல்நுனி தரையைப் பார்க்கும். முழங்கை தொய்ந்தால் கைக்குத் தண்ணீர் சிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். அங்கிருந்து இரண்டு கையையும் வேகமாக மோவாய்க்குக் கீழே சேர்க்க வேண்டும். மூச்சு எடுப்பது அப்போதுதான். சேர்ந்த கை நெஞ்சருகே ஒரு நொடிகூடத் தங்காமல் முன்னே பாய வேண்டும். பலர் கும்பிட்டபடி அங்கேயே நிற்கிறார்கள். உடம்பு அமிழ்வது அதனால்தான். கை நீளும்போதே கால் உதைக்கும். பிறகு தலையைக் கைகளுக்கு நடுவே வைத்துச் சற்று மிதந்து போகட்டும்.

சோதிக்கச் சுலப வழி: இழுக்கும்போது இரண்டு கையும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மறைந்தால், தோளைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஒரு வீச்சுக்கு இரண்டு உதை என்று பழகினால் கையின் அவசரம் குறையும். தொடைகளுக்கு இடையே மிதவையை இடுக்கிக் கையால் மட்டும் நீந்தினால் பிழை உடனே புலப்படும்.

இன்னொன்று: கிணற்றுப் படியை ஒரு கையால் பிடித்தே பழகியவர்கள், டர்னிலும் முடிவிலும் அப்படியே ஒரு கையால் சுவரைத் தொட்டுவிடுகிறார்கள். விதிப்படி இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் பட வேண்டும். இதைப் போட்டிக்கு முன்பே கிணற்றுச் சுவரிலேயே பழக்கிவிடலாம்.

– நீச்சல் பயிற்சியாளர்கள்,
காவேரிப்பட்டணம்.